நம்பர் இல்லாத கோட்டில் நின்ற ஊர்

வெயிலுக்கு நம்பர் போட்ட ஊர் பரல்மடை. தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மூன்று பக்கம் உப்பளமுமாய், நடுவில் காயப்போட்டு மறந்த அப்பளம் மாதிரிக் கிடக்கிற அந்த ஊரில் ஒரு சின்னப் பிள்ளையை நிறுத்தி, "வெயில் எப்படிலே இருக்கு?" என்று கேட்டால், சுள்ளென்று இருக்கு, மந்தமா இருக்கு என்றெல்லாம் சொல்லாது, "எட்டுல இருக்கு மாமா, உச்சிக்குப் பதினொண்ணு ஆக்கிருவாவ" என்று சொல்லிவிட்டுக் கோலியைக் குறிபார்க்கப் போய்விடும்.

அந்த நம்பர் பிரிஸ்காவின் கேமராவிலிருந்து வந்தது. பிரிஸ்காவுக்கு இருபத்தாறு வயது, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒற்றை அறை ஸ்டுடியோ. பரல்மடையில் உப்புக்காற்று தின்னாத பொருள் கிடையாது. சைக்கிள் செயினைத் தின்னும், தகரக் கூரையைத் தின்னும், கோயில் மணியின் நாக்கைத் தின்றுவிட்டுச் சர்ச் மணிக்கு வரும். அது ஒருநாள் பிரிஸ்காவின் லென்ஸுக்குள்ளும் புகுந்து, தானாக ஃபோகஸ் பிடிக்கிற குட்டி மோட்டாரைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் எந்த முகத்துக்கு நேராகக் கேமராவைத் தூக்கினாலும் லென்ஸ் முழங்கால் வலிக்காரர் மாடிப்படியில் ஏறுகிற மாதிரி, "க்ர்ர்ர்... அம்மா... க்ர்ர்ர்... முடியலையே" என்று முனகி, மறுபடி தரைக்கே இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

அந்த லென்ஸால் கெட்டுப்போன படங்களில் இரண்டு பாக்கியத்தாயினுடையவை, அதுதான் பிரிஸ்காவின் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. பாக்கியத்தாய் பன்னிரண்டு வயதில் உப்பளத்துக்குள் இறங்கி முப்பத்தெட்டு வருஷம் உப்பு வாரியவள். வெள்ளை உப்பின் மேல் பட்டுத் திரும்பிய வெயில் அத்தனையும் அவள் கண்ணில்தான் போய் விழுந்து, இரண்டு கண்ணிலும் சதை வளர்ந்திருந்தது. அறுவை செய்ய ஆஸ்பத்திரி தயார். அதற்குத் தொழிலாளர் கார்டு வேண்டும். கார்டுக்குப் போட்டோ வேண்டும். அந்தப் போட்டோ, கார்டு ஆபீஸின் விதிப்படி, வேலை செய்யும் இடத்தில், பகல் பத்துக்கும் மூன்றுக்கும் நடுவில், இரண்டு கண்ணும் திறந்திருக்க எடுத்ததாக இருக்கவேண்டும். உப்பளத்தில் பகல் பதினொரு மணிக்குக் கண்ணைத் திறந்து வைக்கச் சொல்வது, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியில் கையை ஊறவைக்கச் சொல்வது மாதிரி. கஷ்டப்பட்டுத் திறந்தாலும், லென்ஸ் முனகி முடிப்பதற்குள் மூடிவிடும். முதல் படம் திரும்பி வந்தது: 'கண் மூடியுள்ளது.' இரண்டாவது படம் திரும்பி வந்தது: 'கண் மூடியுள்ளது, வாய் திறந்துள்ளது.' மூன்றாவதும் தப்பினால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷத்துக்குள் சதை கண்மணியை மூடிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"கண்ணு நல்லா இருக்கணும்னா கார்டு வேணுமாம், கார்டு வேணும்னா கண்ணு நல்லா இருக்கணுமாம்," என்றாள் பாக்கியத்தாய். "இந்தச் சட்டத்த எழுதுனவன் கண்ண முதல்ல பாக்கச் சொல்லுட்டி."

பாக்கியத்தாயின் கண் மூடும், வாய் மூடாது. அவள் வரப்பில் நடந்து வந்தால் குரல் முதலில் வரும், பின்னால் ஆள் வருவாள், அதற்கும் பின்னால் சும்மாடு வரும். தூக்கத்தில்கூட நேற்றைய சண்டையின் மிச்சத்தைப் பேசி முடிப்பவள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தியம் செய்வார்கள்.

பிரிஸ்கா தூத்துக்குடிக்குப் போய், கப்பலில் வந்த பழைய சாமான் விற்கிற கடையில் தன் முக்காலி ஸ்டாண்டைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய லென்ஸை வாங்கிவந்தாள். முழு இரும்பு. மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது, உப்புக்காற்று கடித்தால் அதற்குத்தான் பல் போகும். கழுத்தில் இரண்டு வளையங்கள். ஒன்று தூரத்துக்கு, ஆள் எத்தனை மீட்டரில் நிற்கிறாரோ அந்த எண்ணுக்குத் திருப்பவேண்டும். இன்னொன்று வெளிச்சத்துக்கு, இரண்டில் ஆரம்பித்து எட்டு, பதினொன்று, பதினாறு என்று ஏறி இருபத்திரண்டு வரை. நம்பர் ஏற ஏற உள்ளே இருக்கிற துவாரம் சுருங்கும், வெளிச்சம் குறையும். இருபத்திரண்டுக்கு அப்புறம் ஒரு கோடு மட்டும் இருந்தது, நம்பர் இல்லை. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "அது சும்மா இருக்குதும்மா" என்றார்.

கேமராவில் மாட்டியதும் கேமரா சொன்னது: 'லென்ஸ் இல்லை.' பிரிஸ்கா கழற்றி மாட்டினாள். 'லென்ஸ் இல்லை.' பென்ஷன்காரர் நேரில் வந்து நின்று வணக்கம் சொன்னாலும், "உயிரோட இருக்கீங்கங்கிறதுக்குச் சான்று எங்கே?" என்று குனிந்த தலை நிமிராமல் கேட்கிற கிளார்க்கின் அதே குரல். பழைய லென்ஸுக்குப் புதுக் கேமராவோடு பேசத் தெரியாது. அது பேசாததால் அது இல்லை. பிரிஸ்கா மெனுவுக்குள் இறங்கி, ஏழாவது பக்கத்தில், 'லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு' என்ற வரியைத் தேடி அமுக்கினாள். பிறகு வாசலில் வந்து நின்று, வெளிச்ச வளையத்தை எட்டிலிருந்து பதினொன்றுக்கு ஒரு சொடுக்குத் திருப்பினாள்.

டக்.

பழைய லென்ஸில் வளையத்தைத் திருப்பினால் பார்க்கிற திரை மங்கும், அது எல்லாருக்கும் தெரிந்தது. அன்றைக்குத் திரையோடு சேர்ந்து பஸ் நிறுத்தமும் மங்கியது; டீக்கடை மங்கியது, கோயில் கோபுரமும் சர்ச் கோபுரமும் மங்கின, உப்பளம் மொத்தமும் வெள்ளை வேட்டி பழுப்பாகிற மாதிரி ஒரு படி இறங்கியது. மேகம் இல்லை. சூரியன் இருந்த இடத்திலேயேதான் இருந்தது, ஆனால் தலைமையாசிரியர் உள்ளே வந்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிற வகுப்பு மாதிரிப் பாதியாகிப் போயிருந்தது.

டீக்கடையில் ஒருவர் தலையைத் தூக்கி, "கரண்டு போச்சோ?" என்றார்.

"சூரியனுக்கா?"

"பின்னே? சூசை பம்பும் நின்னுட்டுல்லா."

ஊர் அதை அவ்வளவுதான் பேசியது. உப்பளத்துக்குக் கடல்தண்ணி ஏற்றுகிற சோலார் பம்பு மோட்டார் சூசையின் பொறுப்பு. அவர்தான் இரண்டு நாள் அலைந்து, பம்பு நிற்கிற நேரமும் பிரிஸ்கா வளையம் திருப்புகிற நேரமும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார். "தாயி, நீ போட்டோ எடு, வேண்டாங்கல. ஆனா பம்புக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திருப்பு. அது பாட்டுக்கு 'டுபுடுபுடுபு'ன்னு ஓடிக்கிட்டிருக்கும்போது நீ டக்குன்னா, அது 'டுபு... டூ... ப்பூ...'ன்னு மூச்சடைச்சு என்னையப் பாக்குது."

பிரிஸ்கா லென்ஸைக் கழற்றிப் பார்த்தாள். அவள் கடைசியாக வைத்த நம்பரிலேயே ஊர் நின்றது. மறுபடி மாட்டி எட்டுக்குத் திருப்பினாள், ஊர் வெளுத்தது. சும்மா ஒரு ஆசைக்கு இரண்டுக்குத் திருப்பினாள். ஊரே எழுதாத காகிதம் மாதிரி ஆகி, நாய் தன் வாலைக் காணாமல் குரைத்தது. உடனே எட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

அதிசயம் வந்தால் அதற்கு முறை வைக்கவேண்டும் என்பது பரல்மடையின் வழக்கம். குழாய்த் தண்ணிக்கு முறை இல்லையா, கோயில் கொடைக்கு முறை இல்லையா, அதுபோல. உப்பு வாருகிற பெண்கள் பதினாறு கேட்டார்கள், சூசை எட்டுக்கு மேல் ஒரு நூல் கூடாது என்றார், கருவாடு காயப்போடுகிறவர்கள், வெளிச்சம்தானே குறையுது, வெக்கை குறையலையே, எங்களுக்கு எதுவானாலும் சரி என்றார்கள். ஆமாம், அதுதான் வேடிக்கை. சூடு ஒரு டிகிரிகூடக் குறையவில்லை, பாத்தியில் உப்பு எப்போதும்போல் விளைந்தது. கடைசியில் ரேஷன் கடைச் சுவரில் எழுதிப்போட்டார்கள்: உச்சிப்பொழுது மட்டும் பதினொன்று, மற்ற நேரம் எட்டு, பதினொன்றைத் தாண்டக் கூடாது. பம்பு பதினொன்றில் இருமிக்கொண்டே ஓடப் பழகியது. உப்பளத்துப் பெண்கள் முக்காட்டைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். பாக்கியத்தாயின் கண் மட்டும் பதினொன்றிலும் கீறல் அளவுக்குத்தான் திறந்தது.

"பதினாறு வச்சா திறந்துரும் சித்தி," என்றாள் பிரிஸ்கா. "சூசை அண்ணாச்சிகிட்ட நான் பேசுதேன்."

"அவன்ட்ட நீ பேசாத. அவன் பம்புகிட்ட பேசு. அதுக்குத்தான் காது உண்டு."

கடைசி நாள் வந்தது. மாலை நாலு மணிக்குள் படம் கார்டு ஆபீஸில் இருக்கவேண்டும். ஒரே ஒரு கால்மணி நேரத்துக்குப் பதினாறு வைக்கச் சூசையும் சம்மதித்துவிட்டார், பதினொன்றரைக்கு. ஆனால் அதே நாள் பதினோரு மணிக்குத்தான் ஊராட்சித் தலைவர் அழகுவேல் பஸ் நிறுத்தத்தில் தன் பெயர் செதுக்கிய வளைவைத் திறந்துவைத்தார், படம் எடுக்க வேறு ஆள் கிடையாது.

தலைவர் மேடையில் நின்று சால்வையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "நமக்கு இன்னிக்கு என்ன நம்பர் வச்சிருக்கே?"

"எட்டு, தலைவரே."

"எட்டா!" அவருடைய சாதாரணப் பேச்சே மைக் வைத்த மாதிரித்தான் இருக்கும். "உப்பு வாருத பொம்பளையாளுக்குப் பதினொண்ணு, ஊருக்குத் தலைவனுக்கு எட்டா?"

"நம்பர் கூடுனா வெளிச்சம் குறையும் தலைவரே. எட்டுதான் நல்ல..."

"எனக்கே பாடமா? வெளியூர்லருந்து விருந்தாளி வந்திருக்காவ. இருக்கதுலயே பெரிய நம்பர் எதுவோ அத வை. எது, இருபத்திரெண்டா? அதுக்கு அங்கிட்டு என்ன கோடு? நம்பரே இல்லாத அளவுக்குப் பெருசா? குடு இங்க!"

வாங்கி, மாவு திரிக்கிற திருகை மாதிரி வளையத்தைத் திருகினார். டக், டக், டக், அப்புறம் ஒரு பெரிய டொக்.

காலை பதினோரு மணிக்கு விளக்கு வைக்கிற நேரம் வந்தது. சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் பழைய எட்டணா நாணயமாய்த் தொங்கியது. தலைவர் கழுத்து மாலையில் மொட்டாய் இருந்த மல்லிகை, பொழுது சாய்ந்துவிட்டது என்று நம்பி ஒரே மூச்சில் மலர்ந்தது. கோழிகள் வரிசையாய் வந்து புது வளைவில் ஏறி, தலைவர் பெயரின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒன்றாய் உட்கார்ந்து அடைந்தன. தெருவிளக்குகள் தாமாக எரிந்தன. அலங்காரம் என்று நினைத்து விருந்தாளிகள் கை தட்டினார்கள். தலைவர் கத்தரிக்கோலை எடுத்து, ரிப்பன் என்று நினைத்துத் தன் சால்வையையே இரண்டாக வெட்டினார்.

பிரிஸ்கா ஓடிப்போய்க் கேமராவைப் பிடுங்கித் திருப்பினாள். வளையம் அசையவில்லை. உப்புக்காற்று உள்ளே காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, பூட்டிவிட்டது. சூசை வந்து முறுக்கினார், டீக்கடைக்காரர் சேலைத் துணி சுற்றி முறுக்கினார், தலைவர் தூரத்திலிருந்து யோசனை சொன்னார். பம்பு, "டூ... ப்" என்று சொல்லிக் கண் மூடியது. பிரிஸ்கா வளைவின் தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு படம் கெடுத்தாயிற்று. மூன்றாவதை எடுக்கக்கூட முடியாமல் ஊரையே இருட்டாக்கியாயிற்று.

அப்போது உப்பளத்துப் பக்கமிருந்து குரல் வந்தது. பின்னால் ஆள் வந்தாள். சும்மாடு வரவில்லை, முக்காடே இல்லை. வரப்பைக் காலால் தடவாமல், குழந்தை முதல்முறையாக நடந்து காட்டுகிற மாதிரிக் கைகளை விரித்துக்கொண்டு நடந்து வந்தாள் பாக்கியத்தாய்.

"ஏட்டி பிரிஸ்கா! எல்லாத்துக்கும் கண்ணு தெரியலன்னு அங்க கூப்பாடு போடுதாளுவ, எனக்கு மட்டுந்தாம்ட்டி தெரியுது! தண்ணி வடியல, குத்தல! என் கண்ணப் பாரு, எவ்வளவு பெருசா திறந்திருக்கேன் பாரு, இந்தா, ஆந்த மாதிரி!"

தெருவிளக்கடியில் அந்தக் கண்களைப் பிரிஸ்கா பார்த்தாள். ஓரத்தில் சதை படர்ந்திருந்தது, நடுவில் கருமணி பளிச்சென்று இருந்தது. முப்பத்தெட்டு வருஷமாய் ஊர் பார்க்காத கண்கள்.

"ஓடு சித்தி, அளத்துக்கு ஓடு!" என்றாள். ஊரே பின்னால் ஓடியது.

ஸ்டாண்டைத்தான் கொடுத்தாயிற்றே, உப்பு அம்பாரத்தின் தலையைத் தட்டிக் குழி பறித்துக் கேமராவை அதில் உட்காரவைத்தாள். ஃபோகஸ் பிடிக்கத் திரையில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் பாத்தி அளக்கிற கயிற்றை எடுத்து மூன்று மீட்டர் அளந்து பாக்கியத்தாயை நிறுத்தி, தூர வளையத்தை மூன்றில் வைத்தாள். கேமரா, 'லென்ஸ் இல்லை, ஆனாலும் அரை வினாடி திறக்கிறேன்' என்றது. எடுத்தாள். பின்திரையில் படம் வந்தது. பாக்கியத்தாய் மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தாள்.

"இது என்னட்டி, சாம்பலா?"

"உப்பு, சித்தி."

"என் உப்பா? என் கையால வாருன உப்பு இப்படி அடுப்புச் சாம்பல் மாதிரியா இருக்கும்? யாருக்கு வந்த கேடு இது?"

பிரிஸ்காவுக்குச் சுருக்கென்றது. கேமரா எப்போதும் அப்படித்தான். எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். வெள்ளையைக் காட்டினால் பயந்து வெளிச்சத்தைக் குறைக்கும், கூடவே முகமும் இருண்டுவிடும். படத்தின் ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள் குட்டி மேடு தெரிந்தது. இடதுபக்கம் இருட்டு, வலதுபக்கம் வெள்ளை. படத்தில் எது அதிகமோ அங்கே மேடு உயரும். மேடு நடுவில் நின்றது.

"இது என்ன அம்பாரம்?" என்றாள் பாக்கியத்தாய்.

"உப்பு எவ்வளவு வெள்ளையா விழுந்திருக்குன்னு காட்டும். வலப்பக்கம் போனா வெள்ளை."

"அப்போ வலப்பக்கம் தள்ளு. நடுவுல யாராவது அம்பாரம் போடுவாளா? வரப்ப ஒட்டிப் போடு. ஆனா வரப்பத் தாண்டிக் கொட்டிறாத, அப்புறம் உப்பு வீணாப் போயிரும்."

இதைவிடச் சரியாக எந்தப் புத்தகமும் சொல்லிவிடாது. வரப்பை ஒட்ட வேண்டுமானால் நாலு மடங்கு நேரம் வேண்டும். கேமராவின் உணர்திறனைக் கூட்டலாம், கூட்டினால் முகத்தில் உப்புத்தூள் தெளித்த மாதிரிப் புள்ளி விழும், 'முகம் தெளிவில்லை' என்று திரும்பி வரும். வேறு வழியில்லை.

"ரெண்டு வினாடி," என்றாள் பிரிஸ்கா. "அசையக் கூடாது. கண்ணு இமைக்கக் கூடாது. பேசக் கூடாது."

உப்பளமே திரும்பிப் பாக்கியத்தாயின் வாயைப் பார்த்தது. கண்ணைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

"ரெண்டு வினாடியா?" என்றார் சூசை மெதுவாக. "அரையில முடியாதா தாயி? அவளப் பாரு, பாவம்."

"நான் பேசாம இருக்கமாட்டேனாக்கும்? ஏன், நான் என்ன பேச்சுக்காரியா? எங்கம்மா சொல்லுவா, பாக்கியம் மாதிரி வாயில்லாப் பூச்சி உண்டான்னு, அப்பேர்ப்பட்ட என்னைய..."

"சித்தி! இப்போ!"

பாக்கியத்தாய் வாயை மூடினாள்.

ஒன்று. கடல் அலை கரைக்கு வராமல் நின்றது என்று பிறகு சொன்னார்கள். வளைவில் ஏறியிருந்த கோழிகள் தலையைத் திருப்பி உப்பளத்தைப் பார்த்தன. பாக்கியத்தாயின் கன்னம் உப்பியது, மூக்கு விடைத்தது, உதட்டுக்குப் பின்னால் ஒரு வாக்கியம் முட்டியது. இரண்டு. கண்கள் இரண்டும் நிலாக்களாய்த் திறந்தே இருந்தன.

கிளிக்.

"...என்னையப் பாத்தா பேசாதேன்னு சொல்லுதிய!" என்று, அடக்கிவைத்த இரண்டு வினாடிப் பேச்சும் ஒரே வெடியாய்க் கிளம்பியது. அம்பாரம் சரிந்தது, கேமரா அதோடு உருண்டது, லென்ஸின் கழுத்துக்குள் உறைந்திருந்த உப்பு அந்த அதிர்ச்சியில் பொடிந்து, வளையம் தானாகத் திரும்பியது. டொக். டக். டக். டக். எட்டு. பரல்மடை மேல் பதினொன்றே முக்கால் மணி வெயில் தொப்பென்று விழுந்தது. கோழிகள் அவமானத்தோடு இறங்கின. பம்பு, "டுபுடுபுடுபு" என்று ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடியது. தலைவர் மட்டும் பாதிச் சால்வையோடு வளைவடியில் நின்று, "பாத்தியளா, பெரிய நம்பர் வச்சதுனாலதான்!" என்றார்.

மூன்றரை மணிக்குக் கார்டு ஆபீஸில் மீனலோசனி மேடம் படத்தை வாங்கி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, எழுத்துக்கு எழுத்து நிறுத்திப் பேசினார்: "கண் திறந்துள்ளது. வாய் மூடியுள்ளது. உப்பு வெள்ளையாக உள்ளது. ஆனால் வெளிச்சம் சாயங்காலம் மாதிரி உள்ளதே. விதி என்ன? பகல் பத்து முதல் மூன்று."

பிரிஸ்கா படத்தின் அடியைத் தொட்டுக் காட்டினாள். "நிழலப் பாருங்க மேடம்."

பாக்கியத்தாயின் நிழல் கருநீலப் பாய் மாதிரிச் சுருண்டு அவள் காலடியிலேயே கிடந்தது. சாயங்கால நிழல் அப்படிக் கிடக்காது. மேடம் நிழலைப் பார்த்தார், வெளிச்சத்தைப் பார்த்தார், மறுபடி நிழலைப் பார்த்தார். "உச்சி வெயிலில் இப்படி இருட்டு எப்படி வரும்?"

"எங்க ஊர்ல வரும் மேடம். தலைவர் வளைவு திறந்தா வரும்."

விதியில் நேரத்தைப் பற்றி இருந்தது; இருட்டைப் பற்றி இல்லை. முத்திரை விழுந்தது. வராந்தாவில் காத்திருந்த ஊரின் பாதி, அந்த ஒரு சத்தத்துக்குச் சீட்டியடித்தது.

ஆடி மாசம் அறுவை நடந்தது. ஆவணி முதல் வாரம், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, போலீஸ்காரர் மாதிரி பாக்கியத்தாய் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஊர் திரண்டிருந்தது. பிரிஸ்கா கேமராவோடு நின்றாள். "என்ன நம்பர் வைக்கட்டும் சித்தி?"

"எட்டுலயே இருக்கட்டும். முழுசாப் பாக்குதேன்."

கண்ணாடியைக் கழற்றினாள். பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாள், டீக்கடையைப் பார்த்தாள், கோழி எச்சம் வழிகிற வளைவைப் பார்த்தாள், சூசையைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள்.

"இவ்வளவு அழுக்காவா இருந்திய எல்லாரும்? ஏட்டி, பதினாறுக்குத் திருப்பு!"

ஊர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. சிரிப்பின் நடுவிலேயே அவள் ஸ்டுடியோவின் கண்ணாடிப் பெட்டியில் மாட்டியிருந்த பெரிய படத்தின் முன்னால் போய் நின்றிருந்தாள். வெள்ளை உப்பு, காலடியில் நிழல், அகலத் திறந்த இரண்டு கண்கள். எடுத்த அன்று உப்பைத்தான் பார்த்திருந்தாள், தன் முகம் அவளுக்குப் பிடிபட்டிருக்கவில்லை.

"இது யாரு?" என்றாள்.

"நீதான் சித்தி."

பாக்கியத்தாய் கழுத்தை இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள். "வாய மூடியிருந்தா," என்றாள் கடைசியில், "நான் அழகாத்தாம்ட்டி இருக்கேன்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு அப்படியே படத்தைப் பார்த்தபடி நின்றாள். பரல்மடை மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணியது.

ஒண்ணு.

ரெண்டு.